லவுஞ்ச் சுவரில் நடுவில் யார்?

இங்கே தென்னாப்பிரிக்காவில் தீபாவளிக்கு முன் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் மாதங்கள் வந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி, சுவரில் மாட்டிய படங்களைப் பற்றித்தான் இருக்கும். கழற்றும்போது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. திரும்ப மாட்டும் நேரத்தில்தான் வீட்டில் பேச்சு வளர்கிறது. இந்த முறை முழுக்க அந்தக் கேள்விகளே.

சோபாவுக்கு மேலே 14 படங்கள் தொங்குகின்றன. மாமனார் மாமியாரின் கல்யாணப் படம், பிள்ளைகளின் பட்டமளிப்பு, பழநி முருகன், காலமான என் அப்பா, இன்னும் பலர். ஆணி கண்ட இடமெல்லாம் மாட்டியது போல இருக்கிறது. எதையும் எடுத்து உள்ளே வைக்க மனசு வரவில்லை. மாமனாரும் மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்கள். புது சோபா 210 செ.மீ. அகலம். எப்படி மாற்றுவது?
வாசகி, சாட்ஸ்வொர்த்

14ஐயும் ஒரே நாளில் இறக்கிவிடுங்கள். இரண்டு இரண்டாக மாற்றிப் பார்த்தால் கடைசி வரை பழைய ஆணிதான் இடத்தை முடிவு செய்யும்.

தரையில் பாய் விரித்து மூன்று கூட்டமாகப் பிரியுங்கள்: சாமி படங்கள், காலமானவர்கள், இருப்பவர்கள். பெரும்பாலான தமிழ் வீடுகளில் இந்த மூன்றையும் ஒரே வரிசையில் கலப்பதில்லை. அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டாலே உங்கள் சிக்கல் பாதி அவிழும். பழநி முருகன் விளக்கு ஏற்றும் இடத்துக்குப் போகட்டும். அப்பாவுக்குத் தனிச் சுவர் கொடுங்கள். பட்டமளிப்புப் படங்கள் பெரும்பாலும் ஒரே அளவில் இருப்பதால் பாசேஜில் ஒரே வரியாக ஓடவிட்டால் எடுப்பாக இருக்கும். லவுஞ்சில் கறுப்பு அங்கிகள் அத்தனையும் சேர்ந்தால் போட்டோ ஸ்டூடியோ வாசல் மாதிரி ஆகிவிடும். இத்தனையும் போனால் சோபாவுக்கு மேலே ஐந்து படம் மிஞ்சும். ஐந்து போதும்.

இனி கணக்கு. படக் கூட்டத்தின் மொத்த அகலம் சோபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. உங்களுக்கு அது 140 செ.மீ. கல்யாணப் படம் 50 அகலம், 60 உயரம் என்று வைத்துக்கொள்வோம். அதை நடுவில் வைத்து, இருபக்கமும் 35 அகலம், 27 உயரமுள்ள ஃப்ரேம்களை மேலும் கீழுமாக இரண்டிரண்டு வையுங்கள். படத்துக்குப் படம் 6 செ.மீ. இடைவெளி. பக்கத்து அடுக்கு 27, 6, 27 என்று சரியாக 60 ஆகி நடுப்படத்தோடு சமமாக நிற்கும். மொத்த அகலம் 132. உங்கள் ஃப்ரேம்களின் அளவு வேறாக இருந்தால் இடைவெளியை 5 முதல் 7 வரை நகர்த்திப் பாருங்கள். 10ஐத் தாண்டினால் படங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நிற்கும்.

உயரத்தில்தான் அநேகம் பேர் தவறுகிறார்கள், அதுவும் மேல்பக்கமாக. வெறும் சுவரில் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. இருக்கலாம். நின்று பார்ப்பவரின் கண் மட்டம் அது. சோபாவுக்கு மேலே அந்தக் கணக்கு செல்லாது. ஃப்ரேமின் அடி விளிம்பு சோபா முதுகுக்கு மேல் 15 முதல் 20 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் படம் தனியாக, சோபா தனியாக. சோபா முதுகு 85 என்றால் படத்தின் அடி 105, நடு 135, தலை 165.

ஸ்க்ரூ போடும் இடம் படத்தின் தலை அல்ல. ஃப்ரேமின் பின்னால் உள்ள கம்பியை விரலால் மேலே இழுத்துப் பிடித்து, ஃப்ரேமின் உச்சியிலிருந்து கம்பி எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளந்து பாருங்கள். 8 செ.மீ. என்றால் 165 கழித்தல் 8, ஸ்க்ரூ 157இல். இரண்டு ஸ்க்ரூவில் தொங்கவிடப் போகிறீர்கள் என்றால் இரண்டு விரலால், அதே இடைவெளியில் இழுத்து அளக்க வேண்டும். ஒரு விரலால் அளந்துவிட்டு இரண்டு ஸ்க்ரூ போட்டால் கணக்கு ஒன்றிரண்டு செ.மீ. தப்பும். 50 செ.மீ. அகலப் படத்துக்கு இரண்டு ஸ்க்ரூதான் நல்லது. கதவை அடிக்கிற ஒவ்வொரு தடவையும் சாய்ந்து போகாது.

ட்ரில் எடுப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி. ஒவ்வொரு ஃப்ரேம் அளவுக்கும் செய்தித்தாளை வெட்டி, எந்தப் படம் என்று எழுதி, மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். வெயில் படும் சுவரில் டேப்பை ஒரு வாரம் விட்டால் பெயின்டையும் உரித்துக்கொண்டு வரும், ஆகவே இரண்டு நாளோடு நிறுத்துங்கள். அந்த இரண்டு நாளில் மாமியாரைச் சோபாவுக்கு எதிரே உட்காரவைத்து, நடுவில் எது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். காகிதத்தை நகர்த்துவதில் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

ஃபீனிக்ஸில் பழைய வீடு. ட்ரில் போட்டால் ஓட்டை பெரிதாகி மண் கொட்டுகிறது. ஆணி அடித்தாலும் ஒரு மாதத்தில் படத்தோடு விழுகிறது.
வாசகர், ஃபீனிக்ஸ்

கொட்டுவது செங்கல் அல்ல, மேல்பூச்சு. விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் பூச்சு செங்கலோடு ஒட்டியிருக்கிறது. பானையைத் தட்டுவது போல ஒலித்தால் பூச்சு உள்ளே விட்டுப்போய் நிற்கிறது. அந்த இடத்தில் எதை மாட்டினாலும் நிற்காது. 10 செ.மீ. தள்ளித் தட்டுங்கள். ஆணியை ஓங்கி அடிக்கும்போது பூச்சு இன்னும் விடுகிறது, அதனால்தான் உங்கள் படம் ஒரு மாதம் கழித்து இறங்கியது.

6 மி.மீ. மேசன்ரி பிட், 6 மி.மீ. நைலான் பிளக், 4 மி.மீ. தடிமனில் 50 மி.மீ. நீள ஸ்க்ரூ. முதல் ஒரு செ.மீ. வரை ட்ரில்லின் ஹாமரை அணைத்து வைத்துத் துளையிடுங்கள், பூச்சு சில்லு சில்லாகப் பெயராது. தூளின் நிறம் சாம்பலிலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறியதும் ஹாமரைப் போடலாம். ஆழம் 55 மி.மீ. பிட்டில் அந்த அளவுக்கு டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். துளைக்குக் கீழே ஒரு பழைய கவரை டேப்பால் ஒட்டினால் தூள் சோபாவில் கொட்டாது. துளையை ஊதிச் சுத்தம் செய்யாமல் பிளக் போட்டால் அது தூளின் மேல் உட்கார்ந்துகொண்டு சுழலும்.

முக்கியமானது இதுதான்: பிளக் பூச்சின் மட்டத்தோடு நிற்கக் கூடாது. பூச்சு 15 மி.மீ. என்றால் பிளக்கை ஒரு ஆணியின் தலையால் தட்டி அந்த 15ஐத் தாண்டி உள்ளே இறக்குங்கள். அப்போது 30 மி.மீ. நீளப் பிளக் முழுவதும் செங்கலுக்குள் விரியும். ஸ்க்ரூவில் 15 பூச்சுக்கு, 30 பிளக்குக்கு, மிச்சம் 5 வெளியே படம் மாட்ட. பூச்சுக்குள் பிளக் விரிந்தால் அதுவே பூச்சைப் பிளந்துவிடும்.

துளை ஏற்கெனவே பெரிதாகிவிட்டதா? தீக்குச்சியை ஒடித்துத் திணிக்கும் வைத்தியம் வேண்டாம். மரம் காய்ந்து சுருங்கியதும் ஸ்க்ரூ ஆடும். 8 மி.மீ. பிளக்குக்கும் 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கும் மாறுங்கள், அல்லது 5 செ.மீ. நகர்ந்து புதிதாகப் போடுங்கள். பழைய ஓட்டையைப் படமே மறைத்துக்கொள்ளும். சுவிட்சுக்கும் பிளக் பாயின்ட்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கத்தில் துளையிடவே கூடாது, வயர் அந்தக் கோட்டில்தான் ஓடும். கடல் காற்று வரும் வீடு என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளை ஸ்க்ரூ வாங்குங்கள். சாதாரண இரும்பு துருப்பிடித்துச் சுவரில் பழுப்பாக வழியும்.

தாத்தாவின் ஸ்டூடியோ படம், கறுப்பு வெள்ளை. ஃப்ரேம் மாற்றலாம் என்று திறந்தால் முகத்தில் ஒரு பகுதி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈரத் துணி வைத்து மெல்லப் பிரிக்கலாமா?
வாசகி, மெர்பேங்க்

வேண்டாம் அம்மா, கையை எடுத்துவிடுங்கள். ஈரத் துணி, ஆவி, ஹேர் டிரையர், பிளேடு எதுவும் வேண்டாம்.

அந்தக் காலத்துப் படங்களில் உருவம் இருப்பது காகிதத்தில் அல்ல. காகிதத்தின் மேல் பூசிய ஜெலட்டின் படலத்தில்தான் இருக்கிறது. டர்பன் கோடையின் ஈரக் காற்றில் ஜெலட்டின் இளகும். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதில் பிடித்துக்கொண்டு, காய்ந்ததும் பசையாக இறுகிவிடும். ஒட்டிய இடம் நனைந்தது போலப் பளபளப்பாகவும் கொஞ்சம் கருமையாகவும் தெரியும். பிரித்தால் காகிதம் உங்கள் கையிலும் தாத்தாவின் முகம் கண்ணாடியிலும் இருக்கும்.

கண்ணாடியும் படமும் இனி ஒரே பொருள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்தே ஃப்ரேமிலிருந்து எடுத்து, கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்து, கண்ணாடி வழியாகவே பிரதி எடுங்கள். ஸ்கேனர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் படத்தை மேசையில் படுக்கவைத்து, இருபக்கமும் 45 பாகையில் இரண்டு விளக்கு, ஃப்ளாஷ் கிடையாது, கேமரா படத்துக்கு நேர் மேலே, எடுப்பவர் கறுப்புச் சட்டையில். வெள்ளைச் சட்டை போட்டால் தாத்தாவின் கோட்டில் உங்கள் நிழலுருவம் விழும்.

சுவருக்குப் போவது பிரதி. அதற்கும் கண்ணாடிக்கும் நடுவே 2 அல்லது 3 மி.மீ. தடிமனில் அமிலமில்லாத மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றி நிற்கும் அட்டைச் சட்டம், வைக்கச் சொல்லுங்கள். இதே விபத்து மறுபடி வராமல் தடுப்பது அந்த 2 மி.மீ. காற்றுதான். பின்பலகையாக மேசனைட் போடுவார்கள். அது அமிலம் கசியும் பலகை, ஆகவே படத்துக்கும் அதற்கும் இடையே அமிலமில்லாத அட்டை ஒன்று இருக்கட்டும். செல்லோடேப் ஒரு துண்டுகூட வேண்டாம். சில வருஷத்தில் மஞ்சளாகி, ஒட்டுவதையும் விட்டுவிட்டுக் கறையை மட்டும் வைத்துவிட்டுப் போகும். ஃப்ரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். அசலை அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியின் நடுத்தட்டில் படுக்கவையுங்கள். சீலிங்குக்கு மேலே வைக்காதீர்கள், அங்கே சூடு.

முன்னோர் படத்தைத் தெற்குச் சுவரில் வடக்குப் பார்த்து மாட்ட வேண்டும் என்கிறார் மாமா. மாட்டினோம். இரண்டு வருஷத்தில் ஆயாவின் படம் வெளுத்துவிட்டது. இந்தியாவில் பெரியம்மா வீட்டில் அதே திசையில் இருக்கும் படம் அப்படியே இருக்கிறதே?
வாசகர், டொங்காட்

மாமா சொன்ன வழக்கம் பழையது. முன்னோரைத் தென்புலத்தார் என்றே அழைக்கும் மொழி நம்முடையது. ஆனால் வெயில் எந்தப் பக்கம் என்பது பூமியின் எந்தப் பாதியில் வீடு கட்டியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் வருஷத்தின் பெரும்பகுதி நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும், அதனால் வடக்குப் பார்த்த படத்துக்கு நேர் வெயில் குறைவு. இங்கே தலைகீழ். வெயில் வடக்கு ஜன்னல் வழியாக வருகிறது, எதிர்ச்சுவரில் ஆயா அதை நேராக வாங்கிக்கொள்கிறார்.

அதிலும் குளிர்காலம்தான் மோசம். டர்பன் பக்கம் ஜூன் கடைசியில் நண்பகல் சூரியன் 37 பாகை உயரத்தில்தான் நிற்கும். 2.1 மீட்டர் உயரத்தில் முடியும் ஜன்னல் வழியாக வெயில் தரையில் 2.8 மீட்டர் வரை உள்ளே வரும். காலையிலும் மாலையிலும் இன்னும் தாழ்ந்து, சாய்வாக எதிர்ச்சுவரில் ஏறும். டிசம்பரில் சூரியன் 83 பாகைக்கு மேல் போய்விடுவதால் வடக்கு ஜன்னலில் நண்பகல் வெயில் உள்ளே எட்டிப் பார்ப்பதே அபூர்வம். தீபாவளிக்கோ கிறிஸ்துமஸ் லீவிலோ இடம் பார்த்து மாட்டியவர்கள் ஜூனில் ஏமாறுவது இதனால்தான்.

திசையை மாற்ற வேண்டியதில்லை. அதே தெற்குச் சுவரில், ஜன்னலுக்கு நேர் எதிரான பாகத்தை விட்டு மூலைப்பக்கம் நகர்த்துங்கள். வரும் ஜூனில் ஒரு நாள் காலை 9, நண்பகல், மாலை 3 மணிக்கு வெயில் விழும் எல்லையைச் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். மூன்று கோட்டுக்கும் வெளியே மிஞ்சும் இடம் ஆயாவுக்கு. யூ.வி. தடுக்கும் கண்ணாடி போட்டால் வெளுப்பது மெதுவாகுமே தவிர நிற்காது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் சாயத்தைத் தின்கிறது. அசலை எடுத்து வைத்துவிட்டுப் பிரதியை மாட்டினால் மாமாவின் திசையும் இருக்கும், படமும் இருக்கும்.

குங்குமம் வைத்த படங்களின் அடியில் சிவப்புக் கறை ஏறுகிறது.
வாசகி, வெருலம்

ஈரச் சந்தனமும் குங்குமமும் கண்ணாடியில் வழிந்து கீழ் விளிம்பில் தேங்குகின்றன. அங்கே கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள மயிரிழை இடுக்கு வழியாகக் காகிதம் அதை உறிஞ்சிக்கொள்கிறது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, படத்தின் நெற்றி மட்டத்தில் சிறு பொட்டாக வையுங்கள். துடைக்கும்போது தண்ணீரைக் கண்ணாடியில் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடையுங்கள். தண்ணீர் சொட்டும் பூமாலையும் இதே வேலையைச் செய்யும், உதறிப் போடுங்கள். காலமானவர்கள் படத்துக்குச் சந்தனச் சீவல் மாலை போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. விளக்குக்கு நேர் மேலே எந்தப் படமும் வேண்டாம், கரியும் எண்ணெய்ப் புகையும் அங்கேதான் படியும்.

உம்லாங்காவில் வாடகை ஃபிளாட். துளை போட அனுமதி இல்லை. ஒட்டும் ஸ்ட்ரிப்பில் மாட்டிய படங்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன.
வாசகி, உம்லாங்கா

கண்ணாடி போட்ட படத்தை, அதுவும் இன்னொன்று கிடைக்காத படத்தை, ஸ்ட்ரிப்பை நம்பி விடாதீர்கள். பிரதி எடுத்து, கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்ட லேசான ஃப்ரேமில் வையுங்கள். சுவரை சோப்புத் தண்ணீரால் துடைத்தால் அதன் பிசுக்கே ஸ்ட்ரிப்பை விடுவிக்கும். ஃபார்மசியில் கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, ஸ்ட்ரிப்பை 30 விநாடி அழுத்தி, ஒரு மணி நேரம் கழித்துப் படத்தை மாட்டுங்கள். விரலால் தேய்த்தால் மாவு போல ஒட்டும் பெயின்ட் என்றால் எதுவும் நிற்காது. பிரெஸ்டிக் என்ற ஒட்டும் பசைக்களி உருண்டையை நேராகப் படத்தின் முதுகில் ஒட்டாதீர்கள், எண்ணெய்க் கறை முன்பக்கம் வரை ஊறும்.

டர்பனிலிருந்து லெனேசியாவுக்கு வந்தோம். அம்மா கொடுத்த தஞ்சாவூர் ஓவியத்தில் முதல் குளிர்காலத்திலேயே விரிசல். இரண்டு கல்லும் உதிர்ந்துவிட்டது.
வாசகி, லெனேசியா

ஈரக் காற்றில் பல வருஷம் இருந்த பலகை, ஜோஹன்னஸ்பர்க் குளிர்காலத்தின் வறண்ட காற்றில் ஈரத்தை விட்டுச் சுருங்குகிறது. அதன் மேல் சுண்ணமும் கோந்தும் குழைத்து உயர்த்திய வேலைப்பாடு அதே அளவுக்குச் சுருங்காது. இரண்டும் இழுத்துக்கொள்ளும் இடம் விரிசல். ஹீட்டருக்கு மேலேயோ எதிரேயோ இருந்தால் உடனே இடம் மாற்றுங்கள், வெயில் காயும் வெளிச்சுவரும் வேண்டாம். வீட்டின் உள்சுவர் ஒன்றுதான் அதற்கு ஏற்றது. உதிர்ந்த கற்களைச் சிறு கவரில் போட்டு ஃப்ரேமின் பின்னால் ஒட்டி வையுங்கள். சூப்பர் குளூ வேண்டாம். அதை வைத்து ஒட்டினால் பின்னால் சரிசெய்ய வருபவர் தங்கத் தகட்டையும் சேர்த்துப் பெயர்க்க நேரும். இனி இப்படி ஊர் மாற்றினால், சுற்றிய பொதியைப் புது வீட்டில் ஒரு வாரம் பிரிக்காமல் வைத்தால் பலகை மெதுவாகப் பழகிக்கொள்ளும்.

மர ஃப்ரேமுக்குக் கீழே தினமும் மாவு மாதிரித் தூள்.
வாசகர், இசிபிங்கோ

வண்டு. படத்தை இன்றே எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டு வெறும் ஃப்ரேமைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, டீப் ஃப்ரீசரில் −18இல் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது, திறந்தால் மரம் வியர்க்கும். ஃப்ரீசரில் அடங்காத அளவு என்றால் ஃப்ரேமை விட்டுவிடுங்கள். சட்டத்தின் மேல் உள்ள பாசத்தில் கூரை மரத்துக்கு வண்டு ஏறினால் செலவு வேறு மாதிரி இருக்கும். தூள் இல்லாமல் காகிதத்தின் மேல்தோல் மட்டும் அரித்திருந்தால் அது இராமபாணப் பூச்சி, இங்கே ஃபிஷ் மோத் என்போம். மைதாப் பசை போட்டு ஒட்டிய படங்களைத் தேடி வரும்.

அறுபதுகளில் சாட்ஸ்வொர்த்துக்கு வருவதற்கு முன் டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் எடுத்த குடும்பப் படம் ஒன்றே ஒன்று இருக்கிறது, 9க்கு 13 செ.மீ. நாங்கள் நான்கு பேர், நான்கு வீடு. யார் லவுஞ்சில் மாட்டுவது?
வாசகர், சாட்ஸ்வொர்த்

நான்கு லவுஞ்சிலும் மாட்டலாம். 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் 18க்கு 26 வரை முகம் உடையாமல் அச்சிடலாம். 1200இல் செய்தால் அதற்கும் இரு மடங்கு போகலாம், ஆனால் அசலிலேயே மங்கலான முகத்தை எந்த எண்ணும் கூர்மையாக்காது. கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரில்தான் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், கறையைப் பிரித்து நீக்க அந்த நிறம் உதவும். திருத்தாத கோப்பு ஒன்றை டிஃப் (TIFF) வடிவில் நால்வரும் வைத்துக்கொள்ளுங்கள்.

அசல் மூத்தவரிடம்தான் போக வேண்டும் என்பதில்லை. யார் வீட்டு அலமாரி ஈரமில்லாமல் இருக்கிறதோ அவரிடம் போகட்டும்.

நான்கு பிரதியும் அச்சாகி வந்ததும், ஒன்றின் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து ஒவ்வொரு தலையையும் வட்டமாக வரைந்து எண் போடுங்கள். 1 பெரிய தாத்தா, 2 மெட்ராஸ் அத்தை என்று கீழே பென்சிலால் எழுதி, அதை நகலெடுத்து நான்கு ஃப்ரேமின் பின்பலகையிலும் ஒட்டுங்கள். அசலின் முதுகில் பால்பாயின்ட் பேனாவால் எழுத வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் கோடாகத் தெரியும். பெயர் தெரியாத தலைக்கும் எண் போட்டு, எதிரே இடம் காலியாக விடுங்கள். படத்தைப் பார்க்க வரும் உறவினரில் யாராவது ஒருவர் பென்சில் கேட்பார்.